மூவாயிரம் வெள்ளிக்குள் ஒரு வகுப்புக் குடில்

இந்த மாதப் பாடத்தில் மனனம் செய்ய எதுவும் இல்லை. கைக்குத்தான் வேலை.

சென்ற பயிற்சி முகாமில் வெவ்வேறு கிளைகளைச் சேர்ந்த மூன்று பேர் தனித்தனியாக வந்து என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "அண்ணே, கோயில்ல ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு இடமே இல்ல. சின்னதா ஒரு குடில் போடலாம்னா காண்ட்ராக்டர் சொல்ற காச கேட்டா மயக்கம் வருது. நாமளே கட்டிட முடியுமா?"

முடியும். 2019இல் எங்கள் கிளை கட்டியது. 8 அடி அகலம், 12 அடி நீளம். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் நிற்கும் மரக்குடில். செலவு 2,630 வெள்ளி. வேலை செய்தவர்கள் பதினொரு இளைஞர்களும் ஓய்வுபெற்ற தச்சர் ஒருவரும். அவரை எல்லாரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். ஏழு வாரக் கடைசிகள் ஆயின.

எதற்கு இந்தப் பாடு என்று கேட்கலாம். எங்களுடையது பழைய ரப்பர் தோட்டத்துக் கோயில். தோட்டம் போய்விட்டது, லயத்து வீடுகள் போய்விட்டன, மக்கள் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டார்கள். கோயில் மட்டும் அதே இடத்தில் நின்றது. சமய வகுப்பு மண்டபத்தின் ஒரு மூலையில் நடக்கும். காதுகுத்து, உபயம், கல்யாணம் என்று ஏதாவது வந்தால் அன்றைக்கு வகுப்பு கிடையாது. மாதத்தில் இரண்டு ஞாயிறு இப்படிப் போனால் பிள்ளைகள் மூன்றாவது ஞாயிறும் வரமாட்டார்கள். 23 பேர் இருந்த வகுப்பு ஒரே வருஷத்தில் 9 பேருக்கு இறங்கிவிட்டது. அந்த 9 பேரையாவது காப்பாற்ற வேண்டும் என்றுதான் இறங்கினோம்.

முதலில் மனசில், பிறகு தாளில்

பெரியபுராணத்தில் பூசலார் நாயனார் கதை உங்களுக்குத் தெரியும். திருநின்றவூர்க்காரர். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டார், தேடித் தேடியும் பொருள் கிடைக்கவில்லை, மனத்துக்குள்ளேயே கட்டி முடித்தார். காஞ்சியில் கற்கோயில் கட்டிய காடவர் மன்னன் குடமுழுக்குக்கு வைத்த அதே நாளைத்தான் அவரும் வைத்திருந்தார். இறைவன் மன்னன் கனவில் வந்து, நாளை மாற்றிக்கொள் என்றார். இதை பக்திக் கதையாக எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். நான் வேறொன்றைக் கவனிக்கச் சொல்கிறேன். சேக்கிழார் அந்த மனக்கோயிலை எப்படிச் சொல்கிறார் பாருங்கள். அடித்தளம், சிகரம், தூபி, சுதை வேலை, கிணறு, மதில், குளம் என்று வரிசையாகப் போகிறார். கையில் காசில்லாத மனிதர் ஒன்றையும் விடவில்லை. வேலைக்கு ஒரு முறை இருந்தது.

காசு குறையக் குறையத் திட்டம் நுணுக்கமாக வேண்டும். பணக்காரன் ஒரு பலகையைத் தப்பாக அறுத்தால் இன்னொன்று வாங்குவான். நாம் வாங்க முடியாது. அதனால் மாமா எங்களை ஒரு மாதம் ரம்பத்தையே தொடவிடவில்லை. கட்டம் போட்ட கணக்கு நோட்டு, பென்சில், அவ்வளவுதான்.

8க்கு 12 என்ற அளவு வந்ததே அந்த நோட்டில்தான். பிளைவுட் தகடு 4 அடிக்கு 8 அடி, அதாவது 32 சதுர அடி. மூன்று தகடு 96 சதுர அடி. 8க்கு 12ம் 96தான். ஒரே ஒரு தகட்டைப் பாதியாக அறுத்தால் தரை முழுக்க மூடிவிடும், துண்டு மிச்சமே இல்லை. 9க்கு 13 என்று ஆசைப்பட்டிருந்தால் ஒரு தகடு முழுசாகக் கூட வாங்கி, அதில் ஒரு பகுதியைக் குப்பையில் போட்டிருப்போம். ஒரு பிள்ளை சம்மணமிட்டு, முன்னால் புத்தகம் விரித்து உட்கார ஏறக்குறைய 8 சதுர அடி வேண்டும். ஆக, 12 பிள்ளைகள். 23 பேரும் திரும்பி வந்தால் என்ன செய்வது என்று ஒருத்தர் கேட்டார். "அது நல்ல பிரச்சினைப்பா, வரட்டும்"னு மாமா சொன்னார்.

நிலம் யாருடையது?

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். நம் ஊர்க் கோயில்களுக்கு வந்த வழக்குகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு கேள்வியில்தான் தொடங்கின என்பது என் எண்ணம். "தாத்தா காலத்துலேர்ந்து இங்கதான் இருக்கோம்" என்பது உணர்ச்சி. நிலப் பட்டாவில் யார் பெயர் என்பதுதான் சட்டம். நில அலுவலகத்தில் கட்டணம் கட்டித் தேடிப் பார்த்தால் உரிமையாளர் பெயர் கிடைக்கும். முதலில் அதைச் செய்யுங்கள்.

அடுத்தது மஜ்லிஸ். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி எந்தக் கட்டடத்தையும் எழுப்புவதற்கு முன் உள்ளூராட்சி மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். "சின்னக் கொட்டாய்தானே" என்பது பதில் ஆகாது. தற்காலிகக் கட்டடத்துக்குத் தனி பெர்மிட் உண்டு. எந்த பாரம், எத்தனை வரைபடம், யார் கையெழுத்து என்பதை முகப்பில் நேரில் போய்க் கேளுங்கள். கோயில் தலைவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இளைஞர்கள் மட்டும் போனால் ஒரு மாதிரி பேசுவார்கள், பெரியவர் உடன் இருந்தால் வேறு மாதிரி.

எங்கள் நிலம் ஒரு வீடமைப்பு நிறுவனத்தின் கையில் இருந்தது. எழுத்தில் அனுமதி கொடுத்தார்கள், ஒரு நிபந்தனையோடு: கேட்கும்போது எங்கள் சொந்தச் செலவில் அகற்ற வேண்டும். கமிட்டியில் சிலர் வேண்டாம் என்றார்கள். நாளைக்கு உடைக்கப் போவதற்கு இன்றைக்கு எதற்குக் கட்டணும்? மாமா கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "ஒடைக்கச் சொல்லல. எடுக்கத்தான் சொல்லியிருக்கான்" என்றார். அந்த வரியில்தான் குடிலின் வடிவமே முடிவானது. ஆணி அடித்து ஒட்டுமொத்தமாகக் கட்டாமல், 4 அடி அகலச் சட்டகங்களாகச் செய்து ஒன்றோடொன்று போல்ட்டில் பூட்டுவது. சுற்றளவு 40 அடி, ஆக 10 சட்டகங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு பேர் தூக்கலாம்.

கால்கள்

இந்த நாட்டில் மரத்துக்கு இரண்டு எதிரிகள், ஈரமும் கறையானும். இரண்டும் மண்ணிலிருந்துதான் ஏறி வருகின்றன. பழைய கம்போங் வீடுகள் ஏன் கால் ஊன்றி நிற்கின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? அதே பாடம்தான்.

மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு, 4 அடிக்கு ஒன்றாக 12 காங்கிரீட் கால்கள். ஒரு அடிச் சதுரத்தில் ஒன்றரை அடி ஆழக் குழி. அடியில் 6 அங்குலம் காங்கிரீட் படுக்கை, அதன்மேல் 6 அங்குல பிவிசி குழாயை நிறுத்தி, நடுவில் கம்பி வைத்து, உள்ளே காங்கிரீட் ஊற்ற வேண்டும். கலவை 1க்கு 2க்கு 4: சிமெண்டு, மணல், கல். 12 காலுக்கும் 50 கிலோ மூட்டை 3 போதும். தண்ணீரைக் கண்டபடி ஊற்றாதீர்கள். தளதளவென்று இருந்தால் ஊற்ற சுலபம், காய்ந்தபின் பலமில்லை. ஏழு நாள் ஈரச் சாக்கு போட்டு நனைத்துவர வேண்டும். இதைத் தங்கைமார் இரண்டு பேர் பள்ளி முடிந்து வந்து தினமும் செய்தார்கள்.

மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கருவி வேண்டாம். கயிறு போதும். ஒரு பக்கம் 6 அடி, மறுபக்கம் 8 அடி குறித்தால் குறுக்கே சரியாக 10 அடி வர வேண்டும். படிவம் இரண்டில் பித்தாகரஸ் படித்தபோது இது எதற்கு என்று கேட்ட தம்பி ஒருவனிடம்தான் கயிற்றைக் கொடுத்தோம். கடைசியில் முழுச் செவ்வகத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். 8க்கு 12 என்றால் இரண்டும் 14 அடி 5 அங்குலம் வரும். கால்களின் உயரம் சமமா என்று பார்க்கத் தெளிவான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பினால் போதும், இரு முனையிலும் நீர்மட்டம் ஒன்றாகவே நிற்கும். குழாய்க்குள் காற்றுக் குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும். தண்ணீரில் கொஞ்சம் மஞ்சள் கலந்தோம், கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தது.

ஒவ்வொரு கால் தலையிலும் தகரத்தைக் குடைபோல வளைத்து வைக்க வேண்டும். கறையானை அது கொல்லாது. ஆனால் அது மண்புற்று கட்டிக்கொண்டு சுற்றிவந்துதான் ஏற வேண்டியிருக்கும், அப்போது நம் கண்ணில் படும்.

ஒரு எச்சரிக்கை. குழி தோண்டிவிட்டு அடுத்த வாரம் வருகிறோம் என்று போகாதீர்கள். மழை நிரம்பினால் கொசுப்புழு வந்துவிடும். டிங்கியும் வரும், சுகாதாரத் துறையின் அபராதமும் வரும். தோண்டிய அன்றே ஊற்றுங்கள்.

மரமும் தரையும்

செங்கால் மரம் பல தலைமுறைக்கு நிற்கும், ஆனால் விலை நமக்கு எட்டாது. ரப்பர் மரம் மலிவாகக் கிடைக்கும், பதப்படுத்தாவிட்டால் பூச்சியும் பூஞ்சையும் சீக்கிரம் தின்றுவிடும். மெராந்தி உள்வேலைக்குச் சரி, தரைக்கு அருகில் வேண்டாம். அடி உத்தரத்துக்கு நாங்கள் குருயிங் வாங்கினோம், மீதிக்குக் கடைக்காரர் கொடுத்த கலப்பு வன்மரம்.

12 அடி நீளத்தில் 2க்கு 6 உத்தரங்கள் மூன்று. அவற்றின் குறுக்கே 2க்கு 4 சட்டங்கள் பத்து, 1 அடி 4 அங்குலத்துக்கு ஒன்று. ஏன் இந்த விசித்திர இடைவெளி? 4 அடியை மூன்றாகப் பிரித்தால் 1 அடி 4 அங்குலம். அப்போதுதான் பிளைவுட்டின் ஓரம் ஒவ்வொன்றும் ஒரு சட்டத்தின் மேல் வந்து உட்காரும். தகட்டின் நீளவாக்கு சட்டங்களுக்குக் குறுக்கே போக வேண்டும், அந்தத் திசையில்தான் அதற்குப் பலம். 18 மில்லி கனம் வாங்குங்கள். 12 மில்லி வாங்கினால் பிள்ளைகள் ஓடும்போது தரை துள்ளும்.

சுவர்ப் பலகைகள் பழையவை. இடித்த வீடுகளின் சாமான் விற்கும் கொட்டடி ஒன்றில் 150 வெள்ளிக்கு ஒரு குவியல். ஆணி பிடுங்கவே ஒரு முழு ஞாயிறு போனது. கதவு ஒன்று, ஜன்னல் இரண்டு, எல்லாம் சேர்த்து 120. பழைய சாமானில் இரண்டை மட்டும் தொடாதீர்கள். ஒன்று, லயத்து வீட்டுக் கூரைகளில் இருந்த சாம்பல் நிற அலைத் தகடு. அது அஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், அறுத்தால் அதன் தூசு நுரையீரலுக்குப் போகும். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். இன்னொன்று, சரக்குப் பலகைத் தட்டுகளில் எம்.பி. என்று முத்திரை இருந்தால் அது மீத்தைல் புரோமைடு என்ற நச்சு வாயுவில் பதப்படுத்தியது. எச்.டி. என்று இருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, தாராளமாக எடுக்கலாம்.

கூரை

பட்ஜெட்டில் கை வைக்கக் கூடாத இடம் இது. ஒரே பக்கச் சரிவு போதும்: முன்சுவர் 9 அடி, பின்சுவர் ஏழரை அடி. 12 அடி நீளத் தகரத்தைக் கடையிலேயே அளவாக வெட்டிக் கொடுப்பார்கள், அதனால் நடுவில் இணைப்பே வராது. ஒரு தகரம் இரண்டரை அடி மூடும். பக்கத்துக்கு ஒன்றரை அடி வெளியே நீட்ட வேண்டும் என்பதால் 15 அடிக்கு 6 தகரம். முன்னாலும் பின்னாலும் அதே மாதிரி நீட்டிவிடுங்கள். நம் மழை நேராகப் பெய்வதில்லை, சாய்ந்துதான் அடிக்கும். ரப்பர் வாஷர் வைத்த திருகாணியைத் தகரத்தின் மேட்டில் போட வேண்டும். பள்ளத்தில் போட்டால் தண்ணீர் ஓடுவதே ஓட்டை வழியாகத்தான்.

கூரை கீழே விழும் என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். லேசான தகரக் கூரைக்கு ஆபத்து மேலே பறப்பது. இடிமழைக்கு முன் வரும் காற்று நீட்டிய ஓரத்துக்கு அடியில் புகுந்து தூக்கும். அதனால் கைமரத்தை இரும்புப் பட்டையால் சுவரோடும், சுவரை உத்தரத்தோடும், உத்தரத்தைக் காலில் புதைத்த பட்டையோடும் போல்ட்டில் பிணைக்க வேண்டும். கூரையிலிருந்து மண் வரை ஒரே சங்கிலி. எங்காவது ஒரு கண்ணி விட்டால் அங்கேதான் பிய்யும்.

மேற்குக் கரையில் இருப்பவர்கள் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். நாங்கள் ஜூன், ஜூலையில் கட்டினோம். கூரை வேலை காலையில் மட்டும். தூரத்தில் இடி கேட்டாலே இறங்கிவிட வேண்டும். 18 வயசுக்குக் கீழே யாரையும் ஏற்றவில்லை, "அண்ணே ஒரே ஒரு தடவை" என்று எவ்வளவு கெஞ்சினாலும்.

சூட்டுக்கு இரண்டு வழி செய்தோம். தகரத்துக்கு அடியில் வெள்ளித்தாள் ஒட்டிய நுரைப் படலம். சுவருக்கும் கூரைக்கும் நடுவே 6 அங்குலம் திறப்பு, அதில் கொசுவலைக் கம்பி. ஜன்னல்கள் வடக்கும் தெற்கும். சத்தத்துக்கு மட்டும் வழியில்லை. கனமழை பெய்தால் ஆசிரியர் வாய் அசைவதுதான் தெரியும். அப்போது பிள்ளைகள் கோலம் வரைவார்கள்.

மின்சாரம் நாங்கள் இழுக்கவில்லை. அது பதிவுபெற்ற மின் பணியாளர் செய்ய வேண்டியது, காசும் இல்லை. காலை வகுப்புக்கு வெளிச்சம் போதும்.

கணக்கு

மரம் 1,080. தரைப் பிளைவுட் 300. தகரம் 330. சிமெண்டு, மணல், கல், கம்பி, குழாய் 190. போல்ட்டு, ஆணி, இரும்புப் பட்டை 160. பழைய பலகை 150. கதவு, ஜன்னல் 120. சாயமும் மர எண்ணெயும் 110. லாரி 100. திருகாணியும் கூரைப் படலமும் 90. கூட்டிப் பாருங்கள். விலை இன்றைக்கு ஏறியிருக்கும். அளவுகள் ஏறாது. அதனால் அளவுகளை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் ஹார்ட்வேர் கடையில் விலை கேளுங்கள், குறைந்தது மூன்று கடையில்.

இந்தப் பட்டியலைக் கோயில் பலகையில் ஒட்டினோம். ஒரு காசையும் மறைக்காமல் இப்படி எழுதிவைக்கும் பழக்கத்துக்கு எனக்கு முன்மாதிரி ஓர் அமெரிக்கர். ஹென்றி டேவிட் தோரோ. 1845இல் மாசசூசெட்ஸில் வால்டன் குளக்கரையில் 10 அடிக்கு 15 அடியில் தானே ஒரு குடில் கட்டினார். ஆன செலவு 28 டாலர் பன்னிரண்டரை காசு. ரயில்பாதை வேலைக்காரர் ஒருவரின் பழைய குடிசையை விலைக்கு வாங்கிப் பிரித்துப் பலகை எடுத்தார். ஜன்னல் இரண்டும் பழையவை, செங்கல் ஆயிரமும் பழையது. சுண்ணக்கட்டிக்கு ஒரு காசு ஆனதைக்கூட எழுதி வைத்திருக்கிறார். கல்லூரி மாணவன் ஓராண்டுக்குத் தரும் அறை வாடகை 30 டாலர், அதைவிடக் குறைவாக எனக்கு வீடே வந்துவிட்டது என்று கணக்குக் காட்டுகிறார். நிலம் அவருடையது அல்ல, நண்பர் எமர்சனுடையது. சட்டகத்தைத் தூக்கி நிறுத்தவும் நண்பர்களைத்தான் கூப்பிட்டார். தனி மனிதன் தனியாக வாழக் கட்டிய குடிலுக்கே கோத்தோங் ரோயோங் தேவைப்பட்டிருக்கிறது! அந்தக் குடிலில் இருந்த நாட்களில் அவர் பகவத் கீதை படித்தார் என்பதையும் வகுப்பில் சொல்லுங்கள், பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சாப்பாடு கணக்கில் வரவில்லை. ஏழு வாரமும் கோயில் மகளிர் பிரிவுதான் பார்த்துக்கொண்டது. சம்பளம் போட்டால் மாமாவுக்கே நாங்கள் கொடுத்திருக்க வேண்டியது குடிலின் விலைக்கு மேல். ஆக, "2,630இல் கட்டினோம்" என்பது பொருளின் விலை மட்டும். உங்கள் கிளையில் கை தெரிந்த ஒருவர் இல்லையென்றால் முதலில் அவரைத் தேடுங்கள். மரத்தை அப்புறம் வாங்கலாம்.

எடுக்கச் சொன்னபோது

2023இல் கடிதம் வந்தது. 30 நாள். கோயிலின் கதை தனி, அது இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது, இங்கே எழுத முடியாது. குடிலை மட்டும் சொல்கிறேன். முதல் ஞாயிறு கூரைத் திருகாணிகளைக் கழற்றித் தகரத்தை இறக்கினோம். இரண்டாவது ஞாயிறு 10 சட்டகங்கள், தரை, உத்தரங்கள். எண் 17 ஸ்பேனர் இரண்டு, லாரி ஒன்று. ஒவ்வொரு சட்டகத்திலும் கட்டும்போதே எண் எழுதியிருந்ததால் எது எங்கே என்ற குழப்பம் வரவில்லை. 12 கால்களைத் தோண்டி எடுத்தோம், அவை மட்டும் மறுபடி உதவவில்லை. சுவரில் ஏழு பலகை உளுத்திருந்தது.

நாலு கிலோமீட்டர் தள்ளி, பக்தர் ஒருவர் தன் சொந்த நிலத்தின் பின்பக்கத்தை எழுத்தில் கொடுத்தார். புது பெர்மிட், புதுக் கால்கள், ஏழு புதுப் பலகைகள். இந்தத் தடவை மாமா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு விரலை மட்டும் நீட்டினார். 2019இல் கூரைக்கு ஏறக் கெஞ்சியவன் இப்போது மேலே நின்று தகரம் வாங்கினான். ஆறு வாரம் வகுப்பு நின்றது. பிறகு அடுக்குமாடிக்குப் பக்கம் என்பதால் 17 பிள்ளைகள் வருகிறார்கள், ஐந்து பேர் படியிலும் திண்ணையிலும் உட்காருகிறார்கள்.

பராமரிப்புக்கு வருஷத்தில் ஒரு நாள் வையுங்கள். நாங்கள் சரஸ்வதி பூஜைக்கு முந்தின ஞாயிறை வைத்திருக்கிறோம். மரம் காயக் காயச் சுருங்கும், போல்ட்டு தளரும். எல்லாவற்றையும் ஒரு சுற்று இறுக்க வேண்டும். கால்களில் மண்புற்றுக் கோடு தெரிகிறதா என்று டார்ச் அடித்துக் குனிந்து பாருங்கள். கூரை மேல் விழுந்த இலையைத் தள்ளி, வெளிச்சுவருக்கு ஒரு கை எண்ணெய் பூசுங்கள். ஸ்பேனரைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் மாட்டிவையுங்கள். கோயில் ஸ்டோரில் வைத்தால் அடுத்த வருஷம் கிடைக்காது.